தேக்குக் கதவு, ஊஞ்சல், ஈட்டி அலமாரி: மூன்றுக்கும் ஒரே வார்னிஷ் போதுமா?

கேள்வி: திருச்சியில் புது வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. மேற்குப் பார்த்த தலைவாசலுக்குத் தேக்குக் கதவு. கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல். பாட்டி வீட்டிலிருந்து வந்த ஈட்டி மர அலமாரி ஒன்றும் இருக்கிறது. பாலிஷ் போடுபவர், மூன்றுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடித்துவிடலாம், பளபளவென்று பத்து வருஷம் நிற்கும் என்கிறார். அடிக்கலாமா? இல்லையென்றால் எதற்கு எது?

பதில்: ஊஞ்சலுக்கு அடியுங்கள். அலமாரிக்கு வேண்டவே வேண்டாம். கதவில் வெயில் நேராக விழுகிறதா என்று ஒருநாள் சாயங்காலம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளை ஒரு மேசையோ ஜன்னலோ வரும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

22 வருஷமாக மரத்துக்குப் பாலிஷ் போடுவதும், பிறர் போட்டது கெட்டுப்போனால் அதைச் சுரண்டி எடுப்பதும்தான் என் தொழில். நான் அதிகம் கற்றுக்கொண்டது சுரண்டும்போதுதான். எந்த வார்னிஷும் ஒருநாள் கெடும். அதனால் கடையில் டப்பாவைக் கையில் எடுக்கும்போது, எவ்வளவு பளபளக்கும் என்பதைவிட, இது கெட்டால் எப்படிக் கெடும், அப்போது எப்படிச் சரிசெய்வது என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வார்னிஷ் என்று பொதுவாகச் சொன்னாலும், மரத்தின் மேல் காய்கிற விதத்தில் மூன்று சாதி உண்டு. அரக்குப் பாலிஷும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் முதல் சாதி. ஸ்பிரிட்டோ தின்னரோ ஆவியாகப் போய்விடும், அதில் கரைந்திருந்த பிசின் மரத்தில் தங்கிவிடும். அதே ஸ்பிரிட் திரும்பப் பட்டால் திரும்பக் கரையும். இரண்டாவது, எண்ணெய் சேர்ந்த வார்னிஷ். பல ஊர்களில் ‘டச்வுட்’ என்ற ஒரு கம்பெனியின் பெயரையே பொதுப்பெயராக்கிச் சொல்கிறார்களே, அந்த சிந்தெடிக் கிளியர் வகையெல்லாம் இதில் வரும். இது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகும். ஒரு ராத்திரியில் கை ஒட்டாமல் ஆகும், முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். மூன்றாவது மெலமைனும், இரண்டு டப்பாவாக வரும் பி.யூ.வும். இரண்டாவது டப்பாவில் வரும், இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்த நிமிஷத்திலிருந்து உள்ளே வேதிவினை ஓட ஆரம்பிக்கும். இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் அதை லேசில் கரைக்காது.

முதல் சாதியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மேலே ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, ஓட்டினால் போதும், புதுசு பழசோடு கரைந்து ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. மூன்றாம் சாதியில் புதுசு பழசின் மேல் போய் உட்காரத்தான் செய்யும். 320 நம்பர் உப்புத்தாளால் முழுப் பலகையையும் தேய்த்து, முழுப் பலகைக்கும் அடிக்க வேண்டும். நடுவில் மட்டும் அடித்தால் விளிம்பு கோலம் போட்டதுபோலத் தெரியும். உறுதி அதிகமானால் பழுதுபார்ப்பது கஷ்டமாகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் மூன்று சாமானுக்கும் வருவோம்.

அலமாரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் கைதவறினால் திரும்பக் கிடைக்காதது. பாட்டி காலத்துச் சாமான் என்றால் அநேகமாக அரக்குப் பாலிஷ்தான் இருக்கும். சோதித்துப் பார்க்கலாம். கதவின் உள்பக்கத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். அரை நிமிஷத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் எண்ணெய் வார்னிஷோ, பின்னாளில் யாரோ அடித்த மெலமைனோ பி.யூ.வோ.

அரக்கு என்றால் தயவுசெய்து சுரண்டாதீர்கள். அந்த மரத்தின் கருஞ்சிவப்பும், கைபட்டுக் கைபட்டு வந்த மினுக்கும் மேலே இருக்கும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. மிஷின் வைத்துத் தேய்த்தால் எழுபது வருஷம் அரை மணியில் தூசியாகப் போகும். பழைய மெழுகையும் அழுக்கையும் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். டர்பன்டைனுக்கு அரக்கு கரையாது. அதன்மேல் புதிய அரக்குப் பாலிஷ் ஓட்டினால் போதும்.

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம். 1924-லேயே ராஞ்சியை ஒட்டிய நாம்கும்மில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அம்பாசமுத்திரத்து மரச்செப்பிலும் கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மையிலும் நீங்கள் பார்க்கும் பளபளப்பு இதே அரக்குதான். கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிட்டும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது.

அலமாரிக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். இரும்பு டப்பாவில் ஊற வைத்தால் கறுத்துப்போகும். மறுநாள் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளை வேட்டித் துணியில் பொதிந்து, உள்ளே பாலிஷ் ஊற்றி, வெளியே ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு ஓட்டுவது. கை பலகையில் இறங்குவது விமானம் இறங்குவதுபோல இருக்க வேண்டும்: நகர்ந்துகொண்டே தொட்டு, வட்டமாக, எட்டாக ஓட்டி, நகர்ந்துகொண்டே விளிம்பில் வெளியேற வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றால் பொதி ஒட்டிக்கொண்டு, அடியில் போட்டதையெல்லாம் பிய்த்துக்கொண்டு வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் பேசிக்கொண்டே ஓட்டுவார், கை நின்று நான் பார்த்ததில்லை. ஒருநாளில் முடிக்க மாட்டார். நாளைக்கு ஒரு கை, நாளன்றைக்கு ஒரு கை என்று ஒரு வாரம் போகும். இன்று அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தால் கூலியைப் பார்க்காமல் பிடித்துப்போடுங்கள்.

கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பகமில்லை. பழையது சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். இறுகியிருந்தால்தான் மரத்தில் தொட வேண்டும். அரக்கு சூடும் தண்ணீரும் தாங்காது, சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் சிந்தினாலும் கரையும், அதிலிருப்பதும் ஆல்கஹால்தானே. அலமாரிக்கு இந்த ஆபத்துகள் குறைவு. சாப்பாட்டு மேசைக்கு அரக்கு சரிப்படாது.

ஈட்டி மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு ஈட்டி நாற்காலி நான்குக்கும், இழைத்த மரத்தின் மேல் நேரடியாகச் சிந்தெடிக் வார்னிஷ் அடித்துவிட்டேன். பத்து நாள் ஆகியும் காயவில்லை. கல்யாண வீடு, தேதி நெருங்கிவிட்டது, விரல் வைத்தால் ரேகை பதிகிறது. ஈட்டி மரத்துக்குள் இருக்கும் சில பொருள்கள் எண்ணெய் வார்னிஷ் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதைத் தடுக்கும். வெயிலில் வைத்தாலும் ஃபேன் போட்டாலும் பயனில்லை. அத்தனையையும் டர்பன்டைனால் துடைத்தெடுத்து, அரக்கு இரண்டு கை போட்டு மூடிய பிறகுதான் வேலை முடிந்தது. ஸ்பிரிட் பறந்தால் போதும், அரக்கு காய்ந்துவிடும், அதற்கு மரத்தின் குணம் ஒரு தடையில்லை. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள் தரையில் பாய் போட்டுச் சாப்பிட்டார்கள். இன்றும் ஈட்டி என்றால் முதலில் அரக்குத்தான் எடுப்பேன்.

தேக்கிலும் எண்ணெய்ப்பசை உண்டு. கரையானும் பூஞ்சையும் தேக்கை அவ்வளவாக நெருங்காததற்கு உள்ளே இருக்கும் இந்தச் சத்துகள்தான் காரணம். ஆனால் அதே பசையின் மேல் வார்னிஷ் சரியாக ஒட்டாது. கடைசி உப்புத்தாள் போட்டு முடித்ததும், வெள்ளைத் துணியில் தின்னரோ அசிட்டோனோ தொட்டுத் துடையுங்கள், துணி மஞ்சள் காவியாக வரும். துணி வெளுப்பாக வரும்வரை துடைத்துவிட்டு, அரை மணிக்குள் முதல் கை போட்டுவிட வேண்டும். விட்டால் உள்ளிருந்து திரும்பக் கசியும். பலகையில் வெளிறிய பட்டை தெரிந்தால் அது மரத்தின் வெள்ளைப் பகுதி, வைரம் பாயாத இடம். அங்கே கரையான் மருந்து கொடுத்துவிட்டுத்தான் வார்னிஷ். வார்னிஷ் கரையானைத் தடுக்கும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஊஞ்சலுக்கு வருவோம். உடம்பு வியர்வை, தலை எண்ணெய், குழந்தைகளின் கால், சிந்தும் காபி எல்லாம் படும், ஆனால் வெயில் மழை படாது. இங்கே இரண்டு டப்பா பி.யூ. நன்றாக வேலை செய்யும். உரசலைத் தாங்கும், ஈரத்துணியால் துடைக்கலாம். ‘மேட்’ முடிப்புக் கேளுங்கள், பளபளப்பில் சின்னக் கீறலும் கண்ணில் குத்தும். மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிக்க நுண்ணிய தூள் கலந்திருக்கும், அது டப்பாவின் அடியில் படியும், நன்றாகக் கிளறாமல் அடித்தால் பலகை திட்டுத்திட்டாக வரும். எல்லாக் கையும் மேட்டாகவே போட்டால் மரத்தின் ரேகை மங்கிவிடும். அடிக் கைகள் பளபளப்பு வகையிலும், கடைசிக் கை மட்டும் மேட்டிலும் போடச் சொல்லுங்கள். சங்கிலி மாட்டும் துளைகளின் உள்பக்கத்தையும் பலகையின் இரண்டு வெட்டு முனைகளையும் விட்டுவிட வேண்டாம்.

மெலமைன் விலை குறைவு, சீக்கிரம் காயும், பி.யூ. அளவுக்கு இல்லாவிட்டாலும் கெட்டி. கட்டில், உள்ளறைக் கதவு, புது அலமாரிக்குப் போதும். வெளியே ஆகாது. பளபளப்புக்காகக் கனமாக ஏற்றினால் பின்னால் வெடிப்பு விடும். காயும்போது ஃபார்மால்டிஹைட் வெளியேறும், கண் எரியும். குழந்தை இருக்கும் வீட்டில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, வாடை முழுக்கப் போன பிறகு குடியேறுங்கள்.

இனி கதவு. மேற்கு வெயிலில் மரத்துக்கு நேரும் சேதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் அது வார்னிஷுக்கு அடியில் நடக்கிறது. மரத்தின் நார்களைப் பசை மாதிரி பிடித்துவைத்திருப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். தெளிந்த வார்னிஷ் கண்ணாடி போன்றது, ஒளியை உள்ளே விட்டுவிடும். மேலே படலம் கல் மாதிரி இருக்க, அதற்கு அடியில் மரத்தின் மேல்தோல் மாவாகிப்போகும். பிறகு படலம் பிடிமானமில்லாமல் செதில்செதிலாகக் கழன்று வரும். பிய்ந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள், அடியில் சாம்பல் நிறத்தில் மர நார் ஒட்டியிருக்கும். வார்னிஷ் மரத்தை விடவில்லை, மரம் தன்னைத்தானே விட்டுவிட்டது.

இதோடு மரம் அசையவும் செய்கிறது. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து அகலத்தில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய அசைவே இல்லை. கெட்டியான படலம் இந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் இணைப்புகளில் மயிரிழை மாதிரி வெடிக்கும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் வெளி வேலைக்கு எண்ணெய் அதிகமாகச் சேர்ந்த, வளைந்து கொடுக்கும் வார்னிஷ்தான் ஏற்றது. பாய்மரக் கப்பலின் கம்பங்களுக்கு அடித்து வந்ததால் அதற்கு ‘ஸ்பார் வார்னிஷ்’ என்று பெயர். காற்றுக்கு வளையும் கம்பத்தில் வெடிக்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே வந்தது.

எனவே சாயங்கால வெயில் கதவில் நேராக அறைந்தால் பி.யூ. வேண்டாம். புற ஊதாத் தடுப்பு உள்ள வெளிப்புற எண்ணெய் வார்னிஷ் வாங்குங்கள். அடியில் லேசான தேக்கு நிற ஸ்டெயின் கொடுங்கள், நிறமி கொஞ்சம் இருந்தாலும் வெயிலை அது தடுத்துக்கொள்ளும். முதல் கையை டர்பன்டைன் கலந்து இளக்கிப் போட்டால் மரத்துக்குள் இறங்கும். பிறகு மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி இடைவெளி, நடுவே 320 நம்பர் தாள். கதவின் கூர் விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடச் சொல்லுங்கள், கூர்மையில் வார்னிஷ் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும், உரிவது அங்கிருந்துதான் தொடங்கும். இது வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ மேலே ஒரு கை கேட்கும். உரியத் தொடங்குமுன் போட்டால் அரை நாள் வேலை. உரிந்த பிறகு என்றால் கதவைக் கழற்றி ஒரு வாரம் சுரண்ட வேண்டும்.

ஆழமான போர்ட்டிகோ இருந்து வெயிலும் சாரலும் படவில்லையென்றால், வெளிப்புற வகைப் பி.யூ. தாராளமாக அடிக்கலாம். டப்பாவில் வெளி உபயோகத்துக்கு என்று போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், உள்வேலை வகையை அடித்துவிடுபவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் இன்றும் நிற்பதற்கு மரத்தின் தரம் ஒரு காரணம், தலைக்கு மேல் நீண்ட முகப்பும் திண்ணையும் இன்னொரு காரணம். வீடு இன்னும் முடியவில்லை என்கிறீர்கள். வாசலுக்கு மேலே இரண்டு அடி கூடுதலாக நிழல் இழுக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். நான் விற்கும் எந்த டப்பாவும் அந்த இரண்டு அடிக்கு ஈடாகாது.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் தின்னர் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். லேக்கர் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். மெதுவாகப் பறக்கும் தின்னர் கலந்து இதைச் சமாளிக்கலாம், ஆனால் மரத்துக்குள் போயிருக்கும் ஈரத்தை அது என்ன செய்யும்? நல்ல ஆளிடம் மாய்ஸ்சர் மீட்டர் இருக்கும். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தொடங்கலாம், 18 என்று காட்டினால் காத்திருக்க வேண்டும். தை பிறக்கட்டும் என்று நான் சொல்லும்போது பலருக்குக் கோபம் வருகிறது. கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டால், இப்போதைக்கு மரத்தின் துளைகளை மூடும் சீலர் ஒரு கை மட்டும் போட்டு அழுக்கு ஏறாமல் வைத்துக்கொண்டு, மீதியைத் தையில் முடிக்கலாம். டைல்ஸ் அறுப்பது, ஆசிட் கழுவுவது எல்லாம் முடிந்த பிறகுதான் வார்னிஷ் டப்பா வீட்டுக்குள் வர வேண்டும்.

வேலை செய்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.யூ. ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும், தொழிலையே விட வேண்டியதுதான். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. கைக்குட்டை அந்த வாயுவைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். உங்கள் வீட்டு வேலைக்கு அதை நீங்களே வாங்கிக் கொடுங்கள், மொத்தச் செலவில் அது பெரிதில்லை. ஆளி விதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு சுருட்டலுக்குள் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, கதவை மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. கதவைப் படுக்கவைத்து, அதன் அடி விளிம்பையும் தலை விளிம்பையும் பாருங்கள். கதவுச் சட்டத்தின் நெட்டுக்கட்டைகள் அங்கேதான் வெட்டுப்பட்டு முடிகின்றன, மரத்தின் துளைகள் வாய் திறந்து நிற்கும். தண்ணீர் முகப்பலகை வழியாகக் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக இந்த முனை வழியாகக் குடிக்கும். வாசல் கழுவும் தண்ணீர் தினமும் படுவதும் அங்கேதான். நான் கழற்றிய கெட்டுப்போன கதவுகளில் பாதிக்கு மேல் முகத்தில் நான்கு கை, அடியில் ஒரு கைகூட இல்லை. கதவு மாட்டிய பிறகு அங்கே பிரஷ் நுழையாது. அதனால் ஆசாரி கீல் வைப்பதற்கு முந்தைய நாள், அடி விளிம்பு குடிக்கிற அளவுக்கு மூன்று கை ஊட்டிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடியைப் பாருங்கள். வார்னிஷ் படாத வெறும் மரம் தெரிந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.